கண்டது என்று சொன்னேன்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, தலை நிறைய ஷாம்பு நுரையோடு நான் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. திருகிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், சுடுதண்ணிப் பக்கம் திருப்பியும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தால், கீழ்மாடியில் இருக்கும் றூத் ஒரு வாளித் தண்ணீரோடு படியேறி வருகிறார். எழுபதைத் தாண்டிய சுவிஸ்காரப் பெண். முழங்கால் நோவோடு, படிக்குப் படி நின்று நின்று வந்தார். உனக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன் என்றார்.

நினைத்தாராம்! அந்தக் கட்டடத்தில் பதினாறு வீடு. பதினைந்து வீட்டுக்காரரும் முதல்நாளே வாளி, குடம், குளியல் தொட்டி எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறார்கள். குழாய் மாற்றும் வேலை பற்றிய அறிவித்தல் மூன்று வாரமாகப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்ததாம். நகரசபை வாராவாரம் தபால்பெட்டியில் போடும் பத்திரிகையிலும் வந்ததாம். அந்தப் படியால் நான் ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்குகிறவள். பத்திரிகையையும் வாரம் தவறாமல் எடுக்கிறேன். அதை விரித்து வைத்துத்தான் மீன் வெட்டுவது.

அந்த நேரத்தில் உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று யாரும் கேட்டிருந்தால், நுரையோடு நின்றபடியே சொல்லியிருப்பேன். முந்தின மாலை எத்தனை அடி, விடியப்புறம் எவ்வளவு ஏறியது, எல்லாம் மனப்பாடம். குளம் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நான் இருப்பது சுவிஸில், பேர்னுக்குக் கிழக்கே ஒரு சிறிய நகரத்தில்.

மகளுக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த நீர்மட்டத்தை எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் முகம் தெரியாதவர்கள். குளத்துக்குக் கீழே வயல் செய்கிற என் சொந்த அண்ணன், தவராசா, கடந்த தைமாதத்தில் இருந்து அன்றுவரை எனக்கு ஊர்ச் சேதி ஒன்றும் சொன்னதில்லை. போன் எடுத்தால் எடுப்பார். சாப்பிட்டியா, சுகமா, பிள்ளை எப்படி என்று கேட்பார். அங்கே மழையா என்று நான் கேட்டால், “ஓம், பெய்யுது” என்பதோடு சரி. பிறகு போன் அவர் மனைவியின் கைக்குப் போய்விடும்.

அவரில் பிழை இல்லை. நான் செய்த வேலை அப்படி. வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அந்தக் கதை தெரியும். தெரிந்தவர்கள் என் பக்கத்தையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2

நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில். காலை ஐந்து மணிக்கு எழும்புவேன். பல் விளக்குவதற்கு முன்னால் போன். அப்போது ஊரில் ஒன்பதரை. ஒரு முழுக் காலையும் எனக்குத் தெரியாமல் நடந்து முடிந்திருக்கும். அந்த நினைப்பே எனக்குப் பொறுக்காது. வட்சப்பில் ஊர்ச் சொந்தங்களின் குழு மூன்று, பள்ளிக்கூடக் குழு ஒன்று, கோயில் குழு ஒன்று. முகநூலில் செங்கலடி, வவுணதீவு, வாழைச்சேனை என்று பெயர் வைத்த பக்கங்கள். யூடியூப்பில் சிவப்பு எழுத்தில் “சற்றுமுன்” என்று தொடங்குகிறவை. சற்றுமுன் என்று போட்டது சிலவேளை போன வருசத்துச் சங்கதியாக இருக்கும். அதற்காகப் பார்க்காமல் விடுகிறவளா நான்?

என்னவர் கல்குடாக்காரர். கடற்கரையில் பிறந்த மனுசன், அவருக்குக் குளம் குட்டை ஒன்றும் கணக்கில்லை. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்றால் மட்டும் எழும்பி உட்காருவார். மற்ற நேரம், “நீ பார்த்துத்தான் குளம் நிரம்பப் போகுதா?” என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.

மகள் நிலானிக்கு இருபத்து மூன்று வயது. ரயிலில் போகும்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜெர்மன் செய்தி கேட்பாள். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் இருந்து, எந்தப் பாலம் எப்போது பூட்டு என்பது வரை அவளுக்குத் தெரியும். தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். நான் “ஐயோ, பார் இதை” என்று போனை நீட்டினால், எழுத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “அம்மா, இதை யார் எடுத்தது?” எனக்குக் கோபம் வரும். அங்கே சனம் தண்ணிக்குள் நிற்கிறது, இவள் படம் எடுத்தவனின் பெயர் கேட்கிறாளே என்று.

எனக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருக்கிறது. வாக்குக் கடித உறை வருடத்துக்கு நாலு தரம் வீட்டுக்கு வரும், திறக்காமலே அலுமாரிக்குள் போகும். பிரஜாவுரிமைக்கு நேர்முகம் நடந்தபோது, கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், உள்ளூர்ச் செய்தியை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டார். நான் யோசிக்காமல் அந்த மீன் வெட்டும் பத்திரிகையின் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு வாரமுமா என்றார். ஒவ்வொரு வாரமும் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. மிகவும் சந்தோசப்பட்டு எழுதிக்கொண்டார்.

3

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே தொடங்கியது என்று தெரியும்.

நான் வந்த புதிதில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. செங்கலடியில் ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. அங்கே எடுத்து, இன்ன நாள் இத்தனை மணிக்குத் தவராசாவை வரச்சொல்லுங்கள் என்று சொல்லி வைக்க வேண்டும். அண்ணன் சைக்கிளில் வந்து காத்திருப்பார். வழியில் சோதனைச்சாவடியில் மறித்தால் வரமாட்டார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அறிய வேறு வழி இல்லை. வந்தால், போனைக் காதில் வைத்ததும் அவர் சொல்லும் முதல் சொல் ஒன்றுதான்: “எல்லாரும் இருக்கிறம்.” சுகமா என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமில்லை. இருக்கிறோம் என்பதுதான் செய்தி.

ஒருமுறை இங்கே தமிழர் கடை ஒன்றில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களின் பெயரை வரிசையாக வாசித்தார்கள், ஷெல் விழுந்ததாக. எங்கள் ஊர்ப் பெயர் அந்த வரிசையில் வந்ததா வரவில்லையா என்று பிடிபடவில்லை, கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்துவிட்டார். அன்றில் இருந்து நாலு நாள் கொமினிகேசன் கடைக்கு லைன் கிடைக்கவில்லை. நாலு நாளும் வேலைக்குப் போனேன், படுக்கை விரிப்பு மடித்தேன், வந்து கறி சமைத்தேன். ஐந்தாம் நாள் லைன் கிடைத்து, “எல்லாரும் இருக்கிறம்” என்ற குரல் கேட்டபோது, நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சண்டை இல்லை. அண்ணன் கையில் போன் இருக்கிறது. ஆனால் அந்த நாலு நாள் இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. போன் கையில் இல்லாமல் அரை மணித்தியாலம் போனால் வேலையை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறேன். பயம்தான். வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

4

அண்ணன் எங்கள் வட்டவிதானை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: வாய்க்கால் ஒன்றின் கீழ் வருகிற வயல்வெளி முழுவதையும் வட்டை என்போம். அதற்குத் தண்ணீர் எப்போது வரும், யார் வயலுக்கு எப்போது பாயும், மாட்டை எந்த நாளுக்கு முன் வெளியேற்ற வேண்டும், யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவர் வட்டவிதானை. விவசாயிகளே கூட்டத்தில் கைதூக்கித் தெரிவு செய்வார்கள். அண்ணன் பதினெட்டு வருசமாக அந்த வேலை பார்க்கிறார். பழைய மோட்டார் சைக்கிளில், கூப்பிட்டுச் சொல்ல ஒரு கைமைக்கைக் கட்டிக்கொண்டு வரம்பு வரம்பாகப் போவார்.

எங்கள் வட்டையில் ஒரு பழக்கம் உண்டு. விதானை எந்தச் சேதி சொன்னாலும் அதற்கு முன்னால் “கண்டது” என்றோ “கேட்டது” என்றோ சொல்லித் தொடங்க வேண்டும். “கேட்டது, நாளைக்கு வாய்க்கால் தண்ணி விடுவாங்களாம்” என்றால், ஆட்கள் வாயில் இருக்கும் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு ஆறுதலாக எழும்புவார்கள். “கண்டது, மேற்குப் பக்கம் மூண்டு யானை” என்றால், சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவார்கள். வீட்டுக்குள்ளும் நாங்கள் அப்படியே வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் யாரோ அடிபட்டார்கள் என்று வந்து சொன்னால் முதல் கேள்வி, கண்டதா கேட்டதா என்பதுதான். பொய்க்கு அடி விழாத வீட்டில்கூட, கேட்டதைக் கண்டது என்று சொன்னால் அடி விழும்.

பதினெட்டு வருசத்தில் அண்ணன் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் பிழைத்ததில்லை. வட்டையில் அவருக்கு வேறு என்ன இருந்தது? பெரிய காணி இல்லை, படிப்பு இல்லை. அந்த ஒரு சொல்தான்.

5

தைமாதம். ஊரில் ஐந்து நாளாக மழை. நெல் கதிர் தள்ளிப் பழுக்கத் தொடங்கியிருந்த நேரம், அறுப்புக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. இங்கே மத்தியான இடைவேளை. சலவை அறையில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். போன் அதிர்ந்தது.

குழுவில் ஒரு வீடியோ. குளத்தின் கதவுகள் எல்லாவற்றாலும் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. குளக்கட்டில் ஆட்கள் ஓடுகிறார்கள். பின்னணியில் ஒரு தமிழ்க் குரல்: உன்னிச்சைக் குளத்தின் அத்தனை வான்கதவுகளும் முழுமையாகத் திறக்கப்பட்டுவிட்டன, தாழ்நில மக்கள் உடனடியாக வெளியேறுங்கள் என்று. ஐந்து நிமிடத்துக்குள் மற்ற இரண்டு குழுவிலும் அதே வீடியோ. கனடாவில் இருந்து ஒருவர், லண்டனில் இருந்து ஒருவர், எல்லாரும் கடவுளே கடவுளே என்று எழுதுகிறார்கள்.

பெட்டியை மூடினேன். அண்ணனுக்கு எடுத்தேன். வட்டைக்குள் நிற்கிறார், மழைச் சத்தம், குரல் விட்டு விட்டு வருகிறது. குளம் திறந்தாச்சு, எல்லாக் கதவும் என்றேன். அவர் பதறவில்லை. வழக்கமான குரலில் கேட்டார்.

“கண்டதா புள்ள, கேட்டதா?”

எனக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியாதா? கேட்டது என்றால் என்ன நடக்கும் என்றும் தெரியும். கையில் இருக்கும் வேலையை முடிப்பார், மோட்டார் சைக்கிளை எடுப்பார், குளத்துப் பக்கம் போய்ப் பார்ப்பார். அந்த வீதி மழைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால்? அந்த நாலு நாள் முழுவதும் என் முன்னால் வந்து நின்றது.

“கண்டது, அண்ண,” என்றேன். “என்ட கண்ணால கண்டன்.”

வீடியோவையும் அனுப்பினேன். மழைக்குள் அது அவருக்குத் திறக்கவில்லை. மங்கலான படத்தின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. குளத்தில் வேலை செய்கிறவருக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார், லைன் போகவில்லை. அதற்கு மேல் அவர் பொறுக்கவில்லை. தங்கை கண்டது என்று சொன்னாள், போதும். கைமைக்கை எடுத்துக்கொண்டு வட்டை முழுவதும் சொல்லிப் போனார். கண்டது, குளம் திறந்தாச்சு. வெட்டக் கூடியவன் வெட்டு, மாட்ட மேட்டுக்கு ஏத்து.

பக்கத்து வட்டையில் நின்ற மூன்று வெட்டு மெசினும் வந்தன. முற்றாத கதிரை, ஈரத்தோடு, விடியும்வரை வெட்டியிருக்கிறார்கள். முதலில் இறக்கியது பூமணி அக்காவின் வயலில், அதுதான் எல்லாவற்றிலும் பள்ளம். புருசன் இல்லாத மனுசி. ஒன்றரை ஏக்கர், அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரம் நான் இங்கே மேற்பார்வைப் பெண்ணிடம் போய், வீட்டுக்குப் போக அனுமதி கேட்டேன். பதற்றத்தில் ஜெர்மன் வரவில்லை. வெள்ளத்தில் மூழ்குகிறது என்று சொல்ல நினைத்து, என் ஊர் நீந்துகிறது என்று சொல்லிவிட்டேன். அவள் புன்னகை செய்து, அழகாக இருக்குமே என்றாள்.

6

காலையில் ஊரில் வெயில் எறித்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை.

அண்ணன் எடுத்தபோது எனக்கு இன்னும் விடியவில்லை. என்ன அண்ண, எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சா என்று கேட்டேன்.

“வீடியோ இப்பதான் திறந்திச்சு,” என்றார். “அதில வயல் இளம்பச்சை, புள்ள. விதைச்சு ஒரு மாசம் ஆகாத பயிர். எங்கட வட்டை பழுத்துக் கிடக்கு.”

போனைக் காதில் இருந்து எடுத்து வீடியோவை மறுபடி பார்த்தேன். ஓடுகிற ஆட்களுக்குப் பின்னால், தண்ணீருக்கு அப்பால், எந்த மறைப்பும் இல்லாமல் கிடந்தது பச்சை. ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது எந்தப் பருவம் என்று. வேறு ஏதோ குளம், வேறு ஏதோ வருசம். யாரோ மேலே ஒரு குரலை ஒட்டி விட்டிருக்கிறார்கள். நான் அதைப் பத்துத் தரம் பார்த்தவள். தண்ணீரைப் பார்த்தேன், ஓடுகிறவர்களைப் பார்த்தேன். வயலைப் பார்க்கவில்லை. வயல்காரன் வீட்டில் பிறந்தவள்.

“கண்டது எண்டியே, புள்ள,” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. வைக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உன்னிச்சையில் அன்று கதவுகள் திறக்கவே இல்லையாம். பச்சை நெல்லை வீதி ஓரத்தில் பரப்பிவிட்டு ஆட்கள் பக்கத்தில் நின்றார்களாம். யாரும் அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லையாம். அது இன்னும் மோசம்.

நான் குழுக்களில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். பதினொரு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவரும் வீடியோவை அழிக்கவில்லை. பங்குனி மாதம் அது வேறொரு குளத்தின் பெயரோடு எனக்கே திரும்பி வந்தது, அனுப்பியது என் சொந்த மாமி மகன். நான் அவனுக்கு எடுத்துக் கத்தினேன். ஏன் கத்துறீங்க, நானா எடுத்தன் வீடியோ என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

ஏதாவது அனுப்புகிறேன், பூமணி அக்காவுக்குக் கொடு என்று அண்ணனிடம் கெஞ்சினேன். வேண்டாம் என்றார். அந்த வருசத்துச் சாப்பாட்டு நெல்லைத் தன் வயலில் இருந்து அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதை எனக்கு அவர் சொல்லவில்லை. பிறகு பூமணி அக்காதான் சொன்னாள். ஊரில் நடக்கும் எதுவும் என் போனுக்கு வராமல் தப்பாது என்று நினைத்திருந்தேன். இது எந்தக் குழுவிலும் வரவில்லை.

7

அதன் பிறகு வந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். போனைத் தொடவே மாட்டேன் என்று இரண்டு முறை சத்தியம் செய்தேன். முதல் சத்தியம் மூன்று நாள் நின்றது, இரண்டாவது ஒரு காலை. கை தானாகப் போகிறது. பார்த்தாலும் நிம்மதி இல்லை, பார்க்காவிட்டாலும் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் மனதுக்குள் அண்ணன் குரல் கேட்கும், கண்டதா கேட்டதா என்று. எல்லாம் கேட்டது. காலை ஐந்து மணியில் இருந்து படுக்கும்வரை நான் விழுங்குவது எல்லாம் கேட்டது, கேட்டதைக் கேட்டவன் சொன்னது.

நிலானியிடம் போய், நீ எப்படி இது மெய்யா பொய்யா என்று பார்க்கிறாய் என்று கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு படத்தை எடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடிக் காட்டினாள். அந்த வீடியோவைத் தேடினால் மூன்று வெவ்வேறு பெயரில் வந்தது. பிறகு நான் அவளுக்கு வட்டையில் சொல்லும் முறையைச் சொன்னேன், கண்டது, கேட்டது என்று. இதை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டாள். அவளுக்கு மட்டக்களப்பைப் பற்றி எவ்வளவோ வீடியோ காட்டியிருக்கிறேன், இதைச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை.

புரட்டாதியில், புதுப்போகம் தொடங்குமுன் நடக்கும் விவசாயக் கூட்டம் வந்தது. விதானையை மாற்ற வேண்டும் என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அண்ணனிடம் கேட்கத் துணிவில்லை. கூட்டம் முடிந்த நாள் பூமணி அக்காவுக்கு எடுத்தேன். தைக்குப் பிறகு அவளோடு நான் கதைத்தது அன்றுதான். ஏச்சு விழும் என்று ஆயத்தமாக இருந்தேன். அவள் ஏசவில்லை, சேதி சொன்னாள்.

வேறொருவரின் பெயரைச் சொல்ல ஒருவர் எழும்பினாராம். அதற்கு முன்னால் அண்ணன் எழும்பிவிட்டாராம். போன மாரியில கேட்டதைக் கண்டது எண்டு சொன்னன், பிழை என்ட, என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம்.

“உன்ட பேர் அவன்ட வாயில வரல்ல,” என்றாள் பூமணி அக்கா. “ஆருக்கும் தெரியாமலா இருக்கு? ஆனாலும் அவன் சொல்லல்ல.”

பிறகு கை தூக்கச் சொன்னார்களாம். அண்ணன் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததாம், அவ்வளவுதான். நீங்கள் தூக்கினீர்களா அக்கா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

“இல்ல,” என்றாள். “என்ட நெல்லு போனது போனதுதானே. எதிராயும் தூக்கல்ல.”

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன். என்னவர் வந்து பார்த்துவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார்.

8

மறுபடி மாரி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை என் தலையில் நுரை இருந்த அன்றே ஊரில் மழை வலுத்தது. புதன், வியாழன், விடாமல் பெய்தது. குழுக்கள் எல்லாம் கொதித்தன. மாங்கேணியில் வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்றது ஒன்று, வவுணதீவுப் பாதை மூடியாச்சு என்றது இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலை, உன்னிச்சையின் கதவுகள் அன்று திறக்கப்படும் என்று ஒரு அறிவித்தல் வந்தது. முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது. நிலானிக்கு அனுப்பினேன். இது புதிது மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் யார் போட்டது என்று தெரியவில்லை என்று பதில் போட்டாள்.

சொல்லவா, விடவா? சொன்னால், இவளுக்கு இன்னும் புத்தி வரவில்லை என்பார்கள். சொல்லாமல் விட்டு ஏதும் நடந்தால்? விரிப்பை மடிக்கிறேன், மடித்ததையே மறுபடி மடிக்கிறேன். மத்தியான இடைவேளையில் சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் போனை எடுத்து அண்ணனுக்கு எழுதினேன்:

“கேட்டது, அண்ண. கதவு திறப்பாங்களாம் எண்டு ஒரு கடிதம் வந்திருக்கு. ஆர் போட்டது எண்டு தெரியாது. நான் காணல்ல.”

அனுப்பினேன். ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. போனை மேசையில் வைத்தேன், எடுத்தேன், கவிழ்த்து வைத்தேன். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டு ஒரு மேசைவிரிப்பைத் தேய்க்கத் தொடங்கினேன். இடைவேளை இன்னும் முடியவில்லை, யாரும் தேய்க்கச் சொல்லவும் இல்லை.

போன் அடித்தது. அண்ணன். அந்தப் பக்கம் காற்று, தண்ணீர் இரைச்சல், பலர் பேசும் சத்தம்.

“கண்டது, புள்ள,” என்றார். “குளக்கட்டுலதான் நிக்கிறன். ரெண்டு கதவு, அரை அடி. தண்ணி ஆத்துக்குள்ளதான் போகுது. வட்டைக்கு ஒண்டுமில்ல.”

பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். நான் ஓம் என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. மூக்கை உறிஞ்சினேன், அது அவருக்குக் கேட்டிருக்கும். வேறு கதைக்குப் போகிற மாதிரி, “அங்க என்ன மழையா?” என்றார்.

இங்கே இன்று மூன்று பாகை வெப்பம், பின்னேரம் மழை வரலாம் என்று காலையில் போனில் பார்த்தது வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பொறு அண்ண என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, அழுக்குத் துணி வண்டிகளைத் தாண்டிப் போய், சாமான் இறக்கும் பின்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்தேன்.

முற்றம் முழுக்க வெள்ளை. சைக்கிள்களின் இருக்கையில், குப்பைத் தொட்டி மூடியில், எதிர்வீட்டு வேலியில் எல்லாம் பனி ஏறியிருந்தது. எப்போது தொடங்கியதோ, எனக்குத் தெரியாது.

“கண்டது, அண்ண,” என்றேன். “பனி கொட்டுது.”

“எவ்வளவு?”

நான் குனிந்து, வாசல் கம்பியில் கிடந்த பனிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ரெண்டு விரல்கட்டை என்று சொன்னேன்.